"பொண்டாட்டி காசுல சாப்பிடுறேன்"னு எழுதின கடலூர் தம்பிக்கு

இந்த வாரம் எடுத்துக்கிட்ட லெட்டர் ரொம்ப பெருசு. போன்லயே டைப் பண்ணி ராத்திரி 3 மணிக்கு அனுப்பிருக்கார். பேரு, தெரு எல்லாம் எடுத்துட்டேன், அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலதை மாத்தியும் இருக்கேன். சுருக்கமா விஷயம் இதுதான்.

அவருக்கு 36 வயசு, ஊர் கடலூர். சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனில 8 வருஷம் ஷிப்ட் ஆபரேட்டரா இருந்தார், சம்பளம் 19,000. ரெண்டு வருஷம் முன்னாடி வேலை போச்சு. வேற இடம் தேடிட்டு இருக்கும்போதே அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், அம்மாவுக்கு முட்டி தேய்மானம், அவங்களால தூக்க முடியாது. மனைவி புதுச்சேரில ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், 38,000 வாங்குறாங்க, பாதி நாள் நைட் டியூட்டி. அப்பாவை பாத்துக்க ஆள் வைக்கலாம்னு கேட்டா மாசம் 18,000 சொல்லிருக்காங்க. சரி கொஞ்ச நாளைக்கு நானே பாத்துக்கறேன்னு ஆரம்பிச்சது, ஒன்றரை வருஷமா ஓடிட்டு இருக்கு. அப்பாவை குளிப்பாட்டுறது, யூகேஜி படிக்கிற பொண்ணை கிளப்பி ஸ்கூல்ல விடுறது, சமையல், துணி எல்லாம் இவர்தான்.

வெளில கேட்டா "ஆன்லைன்ல பிசினஸ் பண்றேன்"னு சொல்லி வச்சிருக்கார். துவைச்ச துணியை இருட்டினதுக்கு அப்புறம்தான் மாடில காயப் போடுறாராம், பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துடக்கூடாதுன்னு.

போன மாசம் அக்கா பையனுக்கு திருவந்திபுரத்துல காதுகுத்து. அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கறதால தாய்மாமனா மடியில உக்கார வச்சது இவர்தான். சீர் தட்டுல அரை பவுன் தோடு வச்சிருக்கார். பந்தில அக்கா வீட்டுக்காரர், அதான் இவரோட மாமா, நாலு பேர் காதுல விழுற மாதிரி, "என்ன மாப்ள, சீர் உன் காசா, வீட்டம்மா காசா?"ன்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவரும் சிரிச்சிட்டு எழுந்து கை கழுவிட்டு, நேரா பைக்கை எடுத்துட்டு பாண்டி எல்லைல இருக்கற முள்ளோடை போய் குடிச்சிருக்கார். அடுத்த நாள் மனைவி ஜிபேல 2,000 ரூபா போட்டு "செலவுக்கு"ன்னு ஒரு வார்த்தை எழுதிருக்காங்க. அதை பாத்ததும் கையில இருந்த சாப்பாட்டு தட்டை சுவத்துல வீசிட்டார். பீங்கான் தட்டு, ஒரு சில்லு பொண்ணு கால்கிட்ட போய் விழுந்திருக்கு. மூணு வாரமா மனைவி தேவைக்கு மேல பேசறதில்லை.

அவர் கேக்கறது: ஒண்ணரை லட்சம் கட்டினா துபாய்ல ஹெல்பர் வேலைன்னு ஏஜென்ட் சொல்றான், போயிடட்டுமா? சம்பாதிக்காத புருஷனை விட்டு அவ டைவர்ஸ் வாங்கிட்டு பொண்ணையும் கூட்டிட்டு போகலாம்னு மாமா சொல்றாரே, நிஜமா? "நான் இன்னும் ஆம்பளைதானா மேடம்?" அதுக்கு கீழ கடைசியா ஒரு வரி, "நான் இல்லாட்டி அவளுக்கு நல்லதுன்னு சில சமயம் தோணுது."

தம்பி, அந்த கடைசி வரில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல இதை பாத்துடலாம்

"நான் இல்லாட்டி"ன்னு எழுதினது வீட்டை விட்டு போறதையா, உயிரை விடுறதையா? நேரா கேக்கறேன், நீங்களும் உங்களுக்குள்ளயே நேரா பதில் சொல்லிக்கோங்க. ரெண்டாவதுன்னா இதை படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அப்படி இல்ல, சும்மா ஒரு அலுப்புல எழுதினேன்னு சொன்னாலும் இந்த வாரத்துக்குள்ள கடலூர் அரசு தலைமை மருத்துவமனைல மனநல டாக்டரை பாருங்க. தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னு பயமா இருந்தா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வாங்க, அந்த கூட்டத்துல யாரு எதுக்கு வந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது.

ஏன் இவ்ளோ அவசரப்படுறேன்னா, லெட்டர்ல நீங்க அங்கங்க போற போக்குல சொல்லிருக்கறதை எல்லாம் நான் ஒரு பேப்பர்ல ஒண்ணா எழுதி பாத்தேன். 3 மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கம் இல்லை. 7 கிலோ குறைஞ்சிருக்கீங்க. கிரிக்கெட் பாக்கறதை நிறுத்திட்டீங்க. பொண்ணு ஒரே கேள்விய ரெண்டு தடவை கேட்டா எரிச்சல் வருது. வாரத்துக்கு ரெண்டு தடவை முள்ளோடை. ஆறு மாசமா மனைவிகிட்ட நெருக்கம் இல்லை. இதை எல்லாம் நீங்க "ஆம்பளைத்தனம் போச்சு"ன்னு படிக்கிறீங்க, நான் டிப்ரஷனா இருக்கலாம்னு படிக்கிறேன். டிப்ரஷன்னா அழுதுட்டு மூலைல உக்காந்திருக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க, ஆம்பளைங்கள்ல பல பேருக்கு அது கோவமாவும் குடியாவும் வெளில வரும். கூட இருக்கறவங்களுக்கே அது நோய்னு தெரியாது, திமிருன்னு நினைச்சுப்பாங்க. 2022ல நம்ம நாட்டுல தற்கொலை பண்ணிக்கிட்ட 1,70,924 பேர்ல கிட்டத்தட்ட 72 சதவீதம் ஆம்பளைங்க, போலீஸ் ரெக்கார்டுல காரணம்னு எழுதினதுல முதல் இடம் குடும்ப பிரச்சனை. ஆம்பளைன்னா தாங்கிக்கணும்னு சொல்லி சொல்லி வளர்க்கிறோம், தாங்க முடியலன்னு வாய் திறந்து சொல்ல மட்டும் கத்துக்குடுக்கல.

குடி பத்தி ஒண்ணு. தூக்கம் வரும்னு குடிக்கிறீங்க, தூக்கமும் வருது, ஆனா பாதி ராத்திரிக்கு மேல தூக்கத்தை கெடுக்கறதும் அதேதான், அந்த 3 மணி முழிப்புல அதுக்கும் பங்கு இருக்கும். அதோட குடிச்சிட்டு ராத்திரில பைக்ல பாண்டி ரோட்டுல திரும்பி வர்றீங்க. உங்க அப்பாவை தூக்கி உக்கார வைக்க வேற ஆள் இல்லை தம்பி.

நெருக்கம் இல்லைன்னு எழுதினதையும் வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. மனசு சோர்ந்து, உடம்பு ஓஞ்சு, குடியும் சேர்ந்தா ஆசை குறையறது சாதாரணம், சரி பண்ணக்கூடியது. பஸ் ஸ்டாண்டு சுவத்துல "ஆண்மைக் குறைவா?"ன்னு போஸ்டர் ஒட்டி, இன்ன தேதில இன்ன லாட்ஜ்ல பாக்கலாம்னு போட்டிருப்பாங்களே, அங்க மட்டும் போயிடாதீங்க. உங்க மாதிரி நொந்து போனவங்களோட வெக்கத்தை காசாக்குற வியாபாரம் அது.

புருஷ லட்சணம்

லெட்டர்ல மூணு இடத்துல எழுதிருக்கீங்க, "உத்தியோகம் புருஷ லட்சணம்"னு. நம்ம வீடுகள்ல எல்லாம் சொல்றதுதான். எங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், பாண்டில சொல்தான்னு சொல்லுவோம். ரிட்டயர்டு ஆகி வந்து 20 வருஷத்துக்கு மேல வீட்லதான் இருந்தார். காலைல எழுந்து அவரே காபி போடுவார், சட்டையை அவரே தேய்ப்பார், ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு அவர்தான் வைப்பார், ஆயா கிட்ட போனா விரட்டுவார். தெருவுல ஒருத்தர் கூட அவரை ஒரு வார்த்தை சொன்னது இல்லை. ஏன்னா மாசா மாசம் பென்ஷன் வந்துச்சு. இதை நான் சின்ன வயசுல யோசிச்சதே இல்லை, இந்த தொழிலுக்கு வந்து உங்கள மாதிரி பத்து இருபது பேரை பாத்ததுக்கு அப்புறம்தான் தாத்தா ஞாபகம் வந்தது. கரண்டி பிடிச்சதால யாரும் அவரோட ஆம்பளைத்தனத்தை சந்தேகப்படல, அப்போ உங்களை சந்தேகப்படுறதும் கரண்டியால இல்லை. காசு யாரு கையில இருந்து வருதுங்கறதுதான் உங்க மாமாவுக்கு உறுத்துது, உங்களுக்கும் உறுத்துது.

அந்த காசு கணக்கையே போட்டு பாப்போம். ஆள் வச்சா 18,000. உங்க பழைய சம்பளம் 19,000. நீங்க வேலைக்கு போயிருந்தா வீட்டுக்கு மிஞ்சுறது 1,000 ரூபா, அதுலயும் பெட்ரோல் போகணும். பொண்ணை ஸ்கூல் விட்டு வந்ததும் பாக்க ஒரு ஆள் வேணும், அதுக்கு தனியா. அப்படி பாத்தா உங்க குடும்பம் இந்த ஒன்றரை வருஷத்துல 3 லட்சத்துக்கு மேல யாருக்கும் குடுக்காம மிச்சம் பிடிச்சிருக்கு. அந்த 3 லட்சம் யாரோட உழைப்பு? கையில நோட்டா வரலங்கறதால அது உழைப்பு இல்லன்னு ஆயிடுமா?

இதை நம்ம ஊரு பொண்ணுங்க காலங்காலமா கேட்டுட்டு இருக்காங்க, "சும்மா வீட்லதானே இருக்கே"ன்னு யாராச்சும் சொன்னா அவங்களுக்கு வயிறு எரியறது ஏன்னு இப்போ உங்களுக்கு புரியும். நீங்க இப்போ அனுபவிக்கிற அவமானத்துல பாதி, வீட்டு வேலைய வேலையே இல்லன்னு நாம எல்லாரும் சேர்ந்து வச்ச விலைலேர்ந்து வருது. மீதி பாதி, அதை பொம்பள வேலைன்னு வச்சதுல இருந்து.

"இந்த உலகத்துல எந்த ஆம்பளை இதெல்லாம் செய்றான்"னு கேட்டீங்க. யாரு எதுக்கு எவ்ளோ நேரம் செலவு பண்றாங்கன்னு 2019ல மத்திய அரசு எடுத்த டைம் யூஸ் சர்வேல, 6 வயசுக்கு மேல இருக்கற ஆம்பளைங்கள்ல 26 சதவீதம் பேர்தான் ஒரு நாள்ல ஏதாவது வீட்டு வேலை செஞ்சிருக்காங்க, பொம்பளைங்கள்ல 81 சதவீதம். செய்றவங்கள மட்டும் எடுத்தா ஒரு நாளைக்கு பொம்பளைங்க 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம். அதனால எல்லா வீட்லயும் இப்படித்தான்னு பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன், நீங்க கூட்டத்துல தனியாத்தான் நிக்கறீங்க. ஆனா தேவனாம்பட்டினம் பக்கம் போய் பாருங்க. கடலுக்கு போறது ஆம்பளை, மீனை வித்து காசாக்குறது பொம்பளை. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைல நிக்கும், கருவாடு வித்தும் கூடை தூக்கியும் எத்தனையோ வீட்ல அடுப்பு எரிய வைக்கிறது அவங்கதான். அங்க எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ல வரல, குடி அங்கயும் இருக்கு. ஆனா அந்த 61 நாளும் பொண்டாட்டி காசுல சாப்பிடுறான்னு ஒரு மீனவரை பாத்து அங்க யாரும் பேசறதில்லை. அந்தந்த காலத்துக்கு யாரால முடியுதோ அவங்க குடும்பத்தை இழுக்கறது இந்த மண்ணுல புதுசு இல்லை.

"நான் இன்னும் ஆம்பளைதானா"ன்னு கேட்டதுக்கு முன்னாடி உங்களை நீங்களே ஒரு வார்த்தையால திட்டி எழுதிருந்தீங்க. அதை நான் இங்க திருப்பி எழுதல. அந்த வார்த்தை பொண்ணுங்களையும் திருநங்கைகளையும் சேர்த்து கேவலப்படுத்துது, கூவாகம் பக்கத்துலயே இருக்கற ஊர்க்காரங்க நாம, அவங்களை வசைச்சொல்லா வச்சிருக்கறதை இனிமேலாவது விட்டுடலாம். உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், மனசுக்குள்ள கூட அப்படி கூப்பிட்டுக்காதீங்க.

அப்பாவை பாக்கறது யாரு வேலை

உங்க லெட்டர்ல என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வச்ச இடம் இதுதான். அப்பாவை பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு குளிப்பாட்டும்போது அவர் கண்ணை மூடிக்கறார், நீங்க சுவத்தை பாத்துக்கிட்டே தண்ணி ஊத்துறீங்க. ரெண்டு பேரும் பேசறதில்லை. ஒரு நாள் திடீர்னு குழறி குழறி, "உம் பொண்டாட்டி எங்க பூட்டா, நீ எதுக்குடா இத செய்ற"ன்னு கேட்டுட்டு அழுதுட்டார்னு எழுதிருக்கீங்க. உங்களை கேவலமா நினைக்கிறார்னு எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அப்படி படல. நாப்பது வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே சம்பாதிச்ச மனுஷன், இன்னைக்கு மகன் முன்னாடி துணி இல்லாம உக்காந்திருக்கார். அவருக்கும் நீங்க நம்புற அதே பாடத்தைத்தானே சொல்லிக் குடுத்திருக்காங்க. உங்களை விட அதிகமா கூசுறது அவருக்குத்தான். இடுப்புல ஒரு துண்டை கட்டி விட்டு குளிப்பாட்டுங்க, சோப்பை அவரோட இடது கையில குடுத்து முகத்தையும் நெஞ்சையும் அவரே தேய்க்க விடுங்க. பேச ஏதாவது வேணும்னா எந்த ரூட்ல ஓடினார், எந்த ஸ்டாப்பிங்ல டிக்கெட் எடுக்காம ஏமாத்துவாங்கன்னு கேளுங்க. பேச்சு குழறினாலும் பேசட்டும்.

மருமக செய்யணும்னு அவர் நினைக்கிறார், உங்க அம்மாவும் நினைக்கிறாங்க, "அவ நர்ஸ்தானே"ன்னு நீங்களும் ஒரு இடத்துல எழுதிட்டீங்க. சட்டம் அப்படி சொல்லல. 2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்துல பிள்ளைகள்னா மகன், மகள், 18 வயசு ஆன பேரன், பேத்தின்னுதான் இருக்கு, மருமகள்ங்கற வார்த்தையே அந்த இடத்துல இல்லை. அப்போ இது உங்க பொறுப்பு, சிங்கப்பூர் அண்ணன் பொறுப்பு, விழுப்புரத்துல இருக்கற அக்கா பொறுப்பு. நீங்க "அவளுக்கு ஹெல்ப் பண்றேன்"னு எழுதினது தப்பு தம்பி, உங்க அப்பாவை நீங்க பாக்கறீங்க, அவ்ளோதான், அதுல அவங்களுக்கு என்ன ஹெல்ப்? சரியா சொன்னா அவங்கதான் சம்பளத்தை போட்டு உங்க அப்பாவுக்கு மருந்து வாங்குறாங்க.

அதனால அண்ணன்கிட்ட வெக்கப்படாம கேளுங்க. "கஷ்டமா இருக்குண்ணா, ஏதாவது பாத்து குடு"ன்னு கேக்க வேண்டாம். "அப்பாவுக்கு ஆள் வச்சா 18,000 ஆகும், மூணு பேருக்கும் பங்கு 6,000, நான் என் பங்கை உடம்பால தர்றேன், உன் பங்கு என்ன"ன்னு கேளுங்க. அக்காவால பணம் முடியலன்னா மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து இருக்கட்டும், அவங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரட்டும், மாமனாரை ஒரு தடவை படுக்கைலேர்ந்து சேருக்கு மாத்தி உக்கார வச்சு பாத்தார்னா பந்தில கேட்ட கேள்விய மறுபடி கேக்க வாய் வராது.

அப்புறம் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அப்பா பேரை பதிஞ்சிருக்கீங்களா? 2021லேர்ந்து இருக்கு. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபிக்கும் ஆள் வருவாங்க. நீங்க யூடியூப் பாத்து கைகாலை அசைச்சு விடுறதா எழுதிருக்கீங்க, ஒரு தடவை பிசியோ வந்து காட்டிக் குடுத்தா உங்க முதுகும் தப்பிக்கும்.

அந்த தட்டு

இதை லெட்டர்ல ஒரே வரில தாண்டிட்டீங்க. "கோவத்துல தட்டை வீசிட்டேன், அவ மேல படல." தம்பி, அவங்க மேல படலங்கறது கணக்கே இல்லை. நைட் டியூட்டி முடிச்சு பஸ்ல வந்து இறங்கின பொம்பளை, புருஷன் தட்டை வீசி பாத்திருக்காங்க, சில்லு குழந்தை கால்கிட்ட கிடந்திருக்கு. இப்போ பொண்ணு பக்கத்துல வர்றதுக்கு முன்னாடி "அப்பா கோவமா இருக்கியா"ன்னு கேக்குதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க. ஆறு வயசு குழந்தை வீட்டுக்குள்ள வானிலை பாத்துட்டு நடக்குது. உங்க மனைவி மூணு வாரமா பேசாம இருக்கறது மரியாதை போனதால, சம்பாதிக்கலங்கறதாலன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு அது பயமா தெரியுது.

மாமா சொன்ன சட்டத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை, ஆனா குடும்ப கோர்ட் கேசுங்களோட ரொம்ப வருஷமா பழகுறவ. இந்து திருமண சட்டம் 1955ல டைவர்ஸுக்கு இன்னின்ன காரணம்னு இருக்கு, அதுல புருஷனுக்கு வேலை இல்லைங்கறது ஒரு காரணமா இல்லவே இல்லை. அந்த சட்டத்துல ஜீவனாம்சம் கூட வருமானம் இல்லாத புருஷன் சம்பாதிக்கிற மனைவிகிட்ட கேக்க வழி இருக்கு, அதை கேக்க சொல்லி இங்க சொல்லல, சட்டம் ஆம்பளைதான் சம்பாதிக்கணும்னு நினைக்கலன்னு காட்டத்தான் சொல்றேன். குழந்தை யாருகிட்டங்கறதுல கோர்ட் முதல்ல பாக்கறது குழந்தையோட நலன், சம்பள சிலிப் மட்டும் இல்லை. ஆனா கொடுமைங்கறது அந்த டைவர்ஸ் காரண லிஸ்ட்ல இருக்கு. 2005 குடும்ப வன்முறை சட்டத்துல அடிக்கிறது மட்டும் இல்லை, மனசளவுல பயமுறுத்துறதும் வரும். வேலை போனது உங்களை அந்த கோர்ட் வாசலுக்கு கொண்டு போகாது. தட்டு கொண்டு போகும்.

மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. உங்களுக்கு நடந்தது அவமானம், அது உண்மை. அந்த பந்தில சிரிச்சவங்க மேல எனக்கே கோவம் வந்தது. ஆனா அந்த கோவம் மாமாகிட்ட போகாம, 38,000 சம்பாதிச்சு உங்க அப்பாவுக்கு டயப்பர் வாங்கிட்டு வர்ற பொண்ணு மேல போச்சு பாருங்க, அதையும்தான் நம்ம ஊர்ல ஆம்பளைத்தனம்னு சொல்லித் தந்திருக்காங்க. சமையல்கட்டுக்குள்ள போறதுக்கு இவ்ளோ கூசுற நீங்க, கூச வேண்டியது இதுக்குத்தான்.

அவங்களுக்கு லீவு இருக்கற ஒரு நாள், அம்மாவை அப்பா பக்கத்துல உக்கார வச்சுட்டு, பொண்ணு தூங்கினதுக்கு அப்புறம் பேசுங்க. முதல்ல மன்னிப்பு, "ஆனா நீயும்"னு ஒரு வார்த்தை கூட ஒட்டாம. அவங்க உடனே பேசணும்னு எதிர்பாக்காதீங்க. அப்புறம் அந்த 2,000 ரூபா ஏன் குத்துச்சுன்னு சொல்லுங்க. எனக்கு புரியுது அது, கேக்காம கையில வச்ச மாதிரி, "செலவுக்கு"ன்னு ஸ்கூல் பையனுக்கு போடுற மாதிரி. அவங்க டியூட்டிக்கு நடுவுல அவசரமா போட்டிருப்பாங்க, அதுல ஒண்ணும் இருந்திருக்காது. இதுக்கு வழி சின்னதுதான், ரெண்டு பேர் பேர்லயும் ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட், 1ம் தேதி வீட்டு செலவுக்கு இவ்ளோன்னு பேசி அதுல போட்டுடறது, உங்க கையில ஒரு ஏடிஎம் கார்டு. பால், மளிகை, அப்பா மருந்து, ஸ்கூல் பீஸ் எல்லாம் அதுலேர்ந்து. உங்க பெட்ரோலுக்கும் போன் ரீசார்ஜுக்கும் ஒரு தொகை, அவங்களுக்கும் அதே தொகை, கணக்கு கேக்காம. அக்காவுக்கு செய்ற சீரையும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. இந்த தடவை உங்க மனைவியோட வளையலை அடகு வச்சு தோடு எடுத்ததா எழுதிருக்கீங்க, அது அவங்களுக்கு தெரிஞ்சுதான் நடந்துச்சான்னு எழுதல, அது எனக்கு கொஞ்சம் உறுத்தலாத்தான் இருக்கு. சொல்லலன்னா இப்போ சொல்லிடுங்க.

துபாய், இல்லன்னா?

ஒண்ணரை லட்சம் கேக்குற ஏஜென்டை விட்டுடுங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000, அது மேல ஜிஎஸ்டி. லைசென்ஸ் இருக்கான்னு மத்திய அரசோட இமைக்ரேட் (eMigrate) தளத்துல நம்பர் போட்டு பாக்கலாம். பாத்துட்டு நல்ல வேலையாவே இருந்தாலும் நான் ஒண்ணு கேப்பேன், ஹெல்பர் சம்பளத்துல அப்பாவுக்கு ஆள் வச்சு, கடன் வட்டி கட்டி, மீதி எவ்ளோ? அப்போ பணத்துக்காக போகல, மாமா கண்ணுலேர்ந்து தப்பிக்க போறீங்க. இந்த மனநிலைல, பேச ஆள் இல்லாத ஒரு ரூம்ல போய் நீங்க தனியா இருக்கறது எனக்கு பயமா இருக்கு.

உள்ளூர்லயே ஷிப்டுக்கு திரும்ப போறது இன்னொரு வழி. வேலை செய்றது உங்களுக்கு பிடிக்கும், பிளான்ட்ல இருந்தப்போ நல்லா இருந்தேன்னு எழுதிருக்கீங்க, அந்த ஆசைல எந்த தப்பும் இல்லை, வீட்ல இருந்தே ஆகணும்னு உங்களை கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை. அண்ணன் பங்கு வந்து, ஆளும் கிடைச்சா தாராளமா போங்க. இல்லன்னா இன்னும் ஒரு வருஷம்னு ரெண்டு பேரும் உக்காந்து தேதி போட்டு, பொண்ணு ஒண்ணாவது போனதும் மறுபடி பேசலாம்னு முடிவு பண்ணுங்க. என் மனசு இந்த பக்கம்தான் சாயுது, ஆனா "வேற வழி இல்லாம உக்காந்திருக்கேன்"னு இருக்கறதுக்கும் "இந்த வருஷம் இது என் வேலை"ன்னு இருக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம், அதை நீங்க ரெண்டு பேரும் வாய் திறந்து பேசினாத்தான் வரும். அதுக்கு நடுவுல ஒண்ணு பாத்து வச்சுக்கோங்க. அப்பா ஆஸ்பத்திரி செலவுக்கு பிஎஃப் எடுத்தேன்னு சொன்னீங்க, பென்ஷன் பங்கையும் எடுத்துட்டீங்களா? எடுக்கலன்னா தொடாதீங்க, பழைய சர்வீஸை கணக்குல வச்சுக்கற ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைங்க. பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், உங்களுக்கு 8 இருக்கு, திரும்ப வேலைக்கு போகும்போது அதுல சேர்ந்துடும்.

ஆன்லைன் பிசினஸ்னு சொல்ற பொய்யை நிறுத்துங்க. உங்களை தின்னுட்டு இருக்கறதுல முக்கால்வாசி அதுதான்னு நினைக்கிறேன். சமைக்கிறதுல கஷ்டம் இல்லை, யாராச்சும் கதவை தட்டினா கரண்டிய ஒளிச்சு வைக்கிறதுலதான் மூச்சு முட்டுது. ஸ்கூல்ல "அம்மா வரலையா"ன்னு மிஸ் கேட்டா "நான்தான் பாத்துக்கறேன், என் நம்பரையே குரூப்புல போடுங்க"ன்னு சொல்லுங்க. மாமா மறுபடி கேட்டா, சண்டை வேண்டாம், சத்தமும் வேண்டாம், "அப்பாவை நான் பாத்துக்கறேன் மாமா, வீட்டை அவ சம்பாத்தியம் பாத்துக்குது"ன்னு சொல்லிட்டு சாப்பிடுங்க. முதல் தடவை குரல் நடுங்கும், பரவால்ல. துணியையும் பகல்லயே காயப் போடுங்க, கடல் காத்து ஈரத்துல ராத்திரி போட்ட துணி எங்க காயுது, குழந்தையோட யூனிபார்ம் வேற.

டாக்டரை பாத்துட்டு ரெண்டு வாரத்துல எனக்கு எழுதுங்க, மாத்திரை குடுத்தாரா, என்ன சொன்னார்னு. உங்க மனைவிக்கு எழுதணும்னு தோணினா அவங்களும் எழுதட்டும். இது வரைக்கும் நான் கேட்டது உங்க பக்கம் மட்டும்தான்.